34,000 மார்க் பாக்கி: நான்காம் சிலுவைப்போர் கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் திரும்பியது எப்படி?

1201-ம் ஆண்டின் தொடக்கத்தில் பிரான்ஸிலிருந்து ஆறு தூதர்கள் வெனிஸுக்கு வந்து சேர்ந்தார்கள். ஜெருசலேமை மீட்கப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்த பிரபுக்கள் அனுப்பிய ஆட்கள் இவர்கள். தூதர்கள் எந்த ஒப்பந்தத்தைப் போட்டாலும் பிரபுக்கள் அதற்குக் கட்டுப்படுவார்கள் என்று முத்திரையிட்ட சாசனங்கள் கையில் இருந்தன. வேண்டியது கப்பல்கள்.

ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்தது. 4,500 குதிரை வீரர்கள், அவர்களின் 4,500 குதிரைகள், 9,000 உதவி வீரர்கள், 20,000 காலாட்கள். இத்தனைக்கும் கப்பல், ஒன்பது மாத உணவு, குதிரைக்குத் தீனி எல்லாம் வெனிஸின் பொறுப்பு. கட்டணம் ஆளுக்கு 2 மார்க், குதிரைக்கு 4 மார்க். மொத்தம் 85,000 மார்க் வெள்ளி. அன்றைய கொலோன் நகர எடையில் ஒரு மார்க் என்பது ஏறக்குறைய 234 கிராம். அப்படியானால் சுமார் 20 டன் வெள்ளி. பிரான்ஸ் மன்னரின் ஆண்டு வருமானத்தைப் போல இரண்டு மடங்கு என்று மதிப்பிடுகிறவர்கள் உண்டு. இதற்கு மேல் 50 போர்ப் படகுகளை வெனிஸ் தன் செலவிலேயே அனுப்பும். பிடிக்கும் நிலத்திலும் பொருளிலும் பாதி அதற்குச் சேரும்.

இந்தக் கட்டணத்தில் மோசடி எதுவும் இல்லை. அந்தக் காலத்து மற்ற துறைமுகங்கள் வாங்கியதிலிருந்து பெரிதாக விலகாத தொகைதான். பிரச்சினை தலைக்கணக்கில் இருந்தது. 33,500 பேர் வருவார்கள் என்று யார் சொன்னது? ஜெருசலேமுக்குக் கிளம்பிய படை கான்ஸ்டாண்டிநோபிள் என்ற கிறிஸ்தவ நகரத்தை, இன்றைய இஸ்தான்புல்லை, சூறையாடியது இடைக்கால ஐரோப்பாவின் மிகப் பெரிய திருப்பங்களில் ஒன்று. அதற்கு மதவெறியும் பேராசையும் காரணங்களாகச் சொல்லப்படும். இரண்டும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் முதல் புள்ளி இந்தத் தவறான தலைக்கணக்குதான் என்று நான் நினைக்கிறேன்.

கொஞ்சம் பின்னணி. 1187-ல் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாதீன் ஜெருசலேமைப் பிடித்தார். அதை மீட்கப் போன மூன்றாம் சிலுவைப்போரில் ஜெர்மானியப் பேரரசர் முதலாம் பிரெடெரிக் தரை வழியாகப் போய், 1190-ல் இன்றைய துருக்கியில் ஓர் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவருடைய படை சிதறிப்போனது. இங்கிலாந்தின் ரிச்சர்ட் கடல் வழியாகப் போய் கடற்கரை நகரங்களைப் பிடித்தார், ஜெருசலேமைப் பிடிக்க முடியவில்லை. 1192-ல் சமரசம் செய்துகொண்டு திரும்பினார். இதிலிருந்து படைத்தலைவர்கள் இரண்டு பாடம் கற்றார்கள். ஒன்று, தரை வழி வேண்டாம். இன்னொன்று, ஜெருசலேமின் சாவி எகிப்தில் இருக்கிறது. ஆளும் பணமும் தானியமும் அங்கிருந்துதான் வருகின்றன, முதலில் அதை உடைக்க வேண்டும். 1198-ல் முப்பத்தேழு வயதில் போப்பான மூன்றாம் இன்னசென்ட் அதே ஆண்டு புதிய சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தபோது, பிரெஞ்சுப் பிரபுக்கள் மனத்தில் வைத்திருந்த இலக்கு எகிப்துதான். ஆனால் அதை வெளியே சொல்லவில்லை. புனித நகரத்துக்குப் போகிறோம் என்று கிளம்பும் சாதாரண வீரனிடம் ‘முதலில் நைல் நதிக்கரை’ என்று சொன்னால் முகம் சுளிப்பான் என்ற பயம்.

வெனிஸ் தன் பக்க வாக்கை ஒன்றுவிடாமல் காப்பாற்றியது. மற்ற வணிகத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஓர் ஆண்டுக்கு மேல் கப்பல் கட்டுவதும் சேர்ப்பதுமே நகரத்தின் வேலை. கப்பல்களை ஓட்ட ஆள் வேண்டுமே? ரொபேர் தெ கிளாரி என்ற பிரெஞ்சு வீரர் தன் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்: ஆண்களை இரண்டிரண்டு பேராக நிறுத்தினார்கள். இரண்டு மெழுகு உருண்டைகள், ஒன்றுக்குள் மட்டும் ஒரு சீட்டு. பாதிரியார் சிலுவை அடையாளம் போட்டு ஆளுக்கொன்று கொடுப்பார். யாருடைய உருண்டையில் சீட்டு இருக்கிறதோ அவர் கப்பலேற வேண்டும். வேலைசெய்யும் வயதில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் இப்படி இந்த ஒரே பயணத்துக்குள் இழுக்கப்பட்டார்கள். பணம் வராவிட்டால் வெனிஸ் நொடித்துப்போகும் என்பது மிகையில்லை.

1202 ஜூன் இறுதியில் புறப்பட வேண்டும். ஆட்கள் வரவில்லை. ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. வெனிஸை ஒட்டிய லீடோ தீவில் கூடாரம் போட்டிருந்தவர்களை எண்ணிப் பார்த்தால் சுமார் 12,000 பேர். ஆயிரம் பேருக்கு இலை போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கல்யாண வீட்டில் முந்நூற்றுச் சொச்சம் பேர் வந்தால் எப்படி இருக்கும், அந்த நிலை.

மற்றவர்கள் எங்கே? சிலர் மனம் மாறி வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். நிறையப் பேர் மார்செய்யிலிருந்தும் தெற்கு இத்தாலியத் துறைமுகங்களிலிருந்தும் நேரே சிரியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் மூன்று பிரபுக்களின் ஆட்கள். மற்றவர்களை வெனிஸ் வழியாகத்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. படையைத் திரட்டியவர்களில் முக்கியமான ஷாம்பேன் பிரபு திபோ 1201-லேயே இளவயதில் இறந்துபோனார். அவருக்குப் பதிலாக இத்தாலியின் மொன்ஃபெராட் பிரபு போனிஃபேஸ் தலைவரானார். ஆறு தூதர்களில் ஒருவரான வில்லார்துவான் பின்னாளில் இந்தப் போரின் வரலாற்றை எழுதினார். வேறு துறைமுகங்களுக்குப் போனவர்களை அதில் திட்டித் தீர்க்கிறார். அந்த 33,500 என்ற எண்ணுக்கு ஒப்புக்கொண்டவர்களில் தானும் ஒருவர் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

வந்தவர்களிடம் தலைக்கட்டணம் வசூலித்தார்கள். பிரபுக்கள் தங்கள் பொன், வெள்ளிப் பாத்திரங்களை வெனிஸ் தலைவரின் மாளிகைக்குச் சுமந்து போனார்கள். கடன் வாங்கியும் கொடுத்தார்கள். அப்படியும் 34,000 மார்க் குறைந்தது. சற்று யோசித்தால், எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான் வந்திருந்தார்கள், ஆனால் மொத்தப் பணத்தில் அறுபது சதவீதத்தைக் கட்டியிருந்தார்கள். துடைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இங்கேதான் வெனிஸின் தலைவர் என்ரிக்கோ தாந்தோலோ வருகிறார். பதவிப் பெயர் ‘டோஜே’. வயது எண்பதைத் தாண்டியிருந்தது, தொண்ணூறு என்பாரும் உண்டு. கண்பார்வை இல்லை. பாக்கியைத் தள்ளிவைக்கிறேன், அதற்குப் பதில் போகிற வழியில் ஜாராவை எங்களுக்குப் பிடித்துக் கொடுங்கள் என்றார். ஜாரா, இன்றைய குரோஷியாவின் ஸாடர். வெனிஸின் பிடியிலிருந்து நழுவி ஹங்கேரி மன்னரின் பாதுகாப்பில் இருந்த கிறிஸ்தவ நகரம். அந்த மன்னரோ தானும் சிலுவைப்போருக்குப் போவதாகச் சபதம் எடுத்திருந்தவர். அவர் நாட்டைத் தொடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அப்புறம் தாந்தோலோவே தேவாலயத்தில் மண்டியிட்டு, தானும் போருக்கு வருவதன் அடையாளமாகச் சிலுவை ஏற்றுக்கொண்டார். வழக்கமாகத் தோளில் தைக்கும் சிலுவையை, எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று தன் பெரிய தொப்பியின் முன்பக்கத்தில் தைக்கச் சொன்னார்.

ஜாராவைத் தாக்கினால் சபை விலக்கு என்று போப்பின் கடிதம் வந்தது. ஒரு மடாதிபதி அதைக் கூடாரத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லித் தடுத்தார். சிமோன் தெ மோன்ஃபோர்ட் என்ற பிரபு தன் ஆட்களோடு ஒதுங்கிக்கொண்டார். நகர மக்கள் மதில்களில் சிலுவைகளைத் தொங்கவிட்டார்கள். எதுவும் எடுபடவில்லை. 1202 நவம்பர் 24-ல் ஜாரா விழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், போப் மன்னித்தார். வெனிஸ்காரர்களை விலக்கிவைக்கும் கடிதத்தைப் போனிஃபேஸ் வெளியிடாமல் அமுக்கிவிட்டார். வெளியிட்டால் கப்பல் போய்விடும். கப்பல் போனால் சிலுவைப்போரே இல்லை. இதன் பிறகு எடுத்த ஒவ்வொரு முடிவிலும் இதே நியாயம்தான் பேசப்பட்டது.

ஜாராவில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு தூது வந்தது. கிழக்கு ரோமானியப் பேரரசின் (பைசாண்டியம்) தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் பேரரசர் இரண்டாம் ஐசக்கை அவருடைய சொந்த அண்ணனே 1195-ல் கண்ணைப் பறித்துச் சிறையில் தள்ளிவிட்டு, மூன்றாம் அலெக்சியோஸ் என்று அரியணை ஏறியிருந்தார். ஐசக்கின் மகன், அவன் பெயரும் அலெக்சியோஸ்தான், தப்பி ஜெர்மனியில் அக்கா வீட்டில் இருந்தான். அக்காவின் கணவர் ஜெர்மானிய அரியணைக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ஃபிலிப். பையன் சொன்னது இதுதான்: என்னை அரியணையில் உட்காரவையுங்கள். 2,00,000 மார்க் தருகிறேன். எகிப்துக்கு 10,000 வீரர்களை அனுப்புகிறேன். ஜெருசலேம் பக்கம் 500 குதிரை வீரர்களை என் காலம் முழுக்க வைத்துக்கொள்கிறேன். எங்கள் திருச்சபையை ரோமுக்குக் கீழ்ப்படியச் செய்கிறேன்.

34,000 பாக்கியோடு தவித்தவர்களுக்கு அதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு பணம். யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் படையில் பெரும்பகுதிக்கு வரவில்லை என்பதுதான் வியப்பு. கோர்ஃபு தீவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிரிந்து போகத் தயாரானார்கள். தலைவர்கள் அவர்கள் காலில் விழுந்து அழுது, செப்டம்பர் முடியும்வரை மட்டும் கூட இருங்கள் என்று கெஞ்சி நிறுத்தினார்கள்.

வெனிஸுக்கும் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் பழைய கணக்கு ஒன்று இருந்தது. 1082-ல் அங்கே வரியில்லா வணிக உரிமை வாங்கி வளர்ந்த நகரம் வெனிஸ். 1171-ல் பேரரசர் மானுவேல் தன் நாட்டிலிருந்த வெனிஸ்காரர்களை ஒரே நாளில் சிறைப்பிடித்து, சரக்கையெல்லாம் பறிமுதல் செய்தார். 1182-ல் தலைநகரிலிருந்த இத்தாலியர்களை, முக்கியமாகப் பீசா, ஜெனோவாக்காரர்களை, ஒரு கும்பல் கொன்று குவித்தது. 1054-லிருந்தே ரோமின் திருச்சபைக்கும் கான்ஸ்டாண்டிநோபிளின் கிரேக்கத் திருச்சபைக்கும் பேச்சு சரியில்லை. வெறுப்புக்கு விறகு தாராளமாகக் கிடந்தது.

1203 ஜூன் இறுதியில் கப்பல்கள் கான்ஸ்டாண்டிநோபிள் முன்னால் வந்தன. இவ்வளவு உயரமான மதிலும் இவ்வளவு மாளிகைகளும் ஓர் ஊரில் இருக்க முடியும் என்று நம்பவே முடியவில்லை என்கிறார் வில்லார்துவான். ஐரோப்பாவின் மிகப் பெரிய கிறிஸ்தவ நகரம் அது, லட்சக்கணக்கில் மக்கள். இளவரசனைப் படகில் ஏற்றி மதிலருகே கொண்டுபோய், இதோ உங்கள் உண்மையான அரசர் என்று காட்டினார்கள். மதில்மேல் நின்றவர்கள் எங்களுக்குத் தெரியாதே என்று கேலி செய்தார்கள். ஊரே திரண்டு வந்து வரவேற்கும் என்று அவன் கொடுத்திருந்த வாக்குறுதி அங்கேயே பொய்த்தது. ஜூலை 17 தாக்குதலில் வெனிஸ் கப்பல்கள் கரையை நெருங்கத் தயங்க, பார்வையற்ற தாந்தோலோ முன்னணியில் கொடியோடு நின்று, கரையில் இறக்குங்கள் என்று சத்தம் போட்டதாகச் சொல்கிறார்கள். அன்றிரவே மூன்றாம் அலெக்சியோஸ் கையில் கிடைத்த பொன்னோடு ஓடிவிட்டார். ஆகஸ்டில் இளவரசன் நான்காம் அலெக்சியோஸாக முடிசூடினான்.

சரி, பணம்? கஜானாவைத் திறந்தால் அவ்வளவு இல்லை. பாதி, சுமார் 1,00,000 மார்க்தான் கொடுக்க முடிந்தது. அதற்கே தேவாலயங்களின் திருவுருவங்களையும் வெள்ளி விளக்குகளையும் உருக்க வேண்டியிருந்தது. ஊர் கொதித்தது. ஆகஸ்டில் மேற்கத்தியர் சிலர் நகரத்திலிருந்த ஒரு மசூதியைத் தாக்கப் போய், அங்கே வைத்த தீ பரவி நகரத்தின் ஒரு பெரிய பகுதியைத் தின்றது. அதோடு, பல தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த இத்தாலியக் குடும்பங்கள்கூடப் பயந்து படை முகாமுக்கு ஓடிவந்துவிட்டன. இரு தரப்புக்கும் நடுவில் பேசக்கூடிய கடைசி ஆட்கள் இல்லாமல் போனார்கள். 1204 தொடக்கத்தில் முர்ட்சுஃப்லோஸ் என்ற பிரபு, அடர்ந்த புருவத்துக்காக வந்த பட்டப்பெயர் அது, ஆட்சியைப் பிடித்து, நான்காம் அலெக்சியோஸைக் கழுத்தை நெரித்துக் கொன்றார். இனி வாக்குக் கொடுத்தவனும் இல்லை, மீதிப் பணமும் இல்லை.

மார்ச்சில் வெனிஸும் பிரெஞ்சுக்காரர்களும் இன்னோர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். பிடிக்கப்போகும் பேரரசில் கால் பங்கு புதிய பேரரசருக்கு. மீதியில் ஆளுக்குப் பாதி. இன்னும் நகரம் கையில் வரவில்லை, பாகப்பிரிவினைப் பத்திரம் தயார். ஜெருசலேம் என்ற பேச்சு இதற்குள் பின்னுக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 9 தாக்குதல் தோற்றது. 12-ம் தேதி காற்று வாகாக அடித்தது. ஒன்றோடொன்று கட்டிய இரு கப்பல்கள் மதிலின் ஒரு கோபுரத்தோடு போய் மோத, பாய்மரத்தில் கட்டிய பாலம் வழியாகச் சிலர் கோபுரத்தில் குதித்தார்கள். கீழே, கல்வைத்து அடைத்த ஒரு சிறு வாசலைக் கோடரியாலும் கடப்பாரையாலும் இடித்து ஓட்டை போட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் பாதி உலகமே நிற்பதுபோலக் கூட்டம் என்கிறார் கிளாரி. அவருடைய சகோதரர் அலோம் ஒரு பாதிரியார். நான் முதலில் நுழைகிறேன் என்று ஓட்டைக்குள் தவழ்ந்தார். கிளாரி காலைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. கத்தியை உருவிக்கொண்டு தனியாளாக அவர் ஓடிவர, எதிரே நின்றவர்கள் சிதறினார்கள். பின்னால் சிலர் நுழைந்தார்கள், பக்கத்து வாசல் திறந்தது. எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் எந்த அந்நியப் படையும் பலவந்தமாகப் பிடிக்காத நகரம் அது.

மூன்று நாள் கொள்ளை. அதை உள்ளிருந்து பார்த்து எழுதியவர் பேரரசின் உயர் அதிகாரி நிக்கேட்டாஸ் கோனியாட்டிஸ். நகரின் தலைமைத் தேவாலயமான ஹகியா சோஃபியாவின் பலிபீடத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பொருளைச் சுமக்கக் கோவேறு கழுதைகளை உள்ளேயே ஓட்டிவந்தார்கள். தலைமைக் குருவின் ஆசனத்தில் ஒரு விலைமாது உட்கார்ந்து பாட்டுப் பாடினாள். நிக்கேட்டாஸின் குடும்பத்தைக் காப்பாற்றியவர் யார் தெரியுமா? அவருக்குப் பழக்கமான ஒரு வெனிஸ் வணிகர். கவசம் மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நின்று, இது நான் பிடித்த வீடு என்று கொள்ளையர்களை விரட்டினார். அதுவும் முடியாமல்போனபோது கால்நடையாக நகரைவிட்டு வெளியேறினார்கள். இளம்பெண்களின் முகத்தில் சேற்றைப் பூசி நடுவில் நடக்கவிட்டார்கள். வழியில் ஒரு நீதிபதியின் மகளை ஒரு வீரன் இழுத்துப்போக, நிக்கேட்டாஸ் மற்ற வீரர்களின் காலைப் பிடித்துக் கெஞ்சி அவளை மீட்டார்.

கொள்ளையைப் பங்கு பிரித்தபோது குதிரை வீரனுக்கு 20 மார்க், உதவி வீரனுக்கு 10, காலாளுக்கு 5. கிளாரியின் புலம்பலைக் கேட்க வேண்டும்: நல்ல மாளிகைகளைப் பெரிய மனிதர்கள் முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள், எங்களுக்கு வந்தது ஊர்ப் பெண்கள் குளிக்க எடுத்துப்போகும் வெள்ளிச் சொம்புகள் மாதிரியான சாமான்கள்தான்! வெண்கலச் சிலைகள் பல காசாக உருக்கப்பட்டன. நான்கு வெண்கலக் குதிரைகள் மட்டும் வெனிஸுக்குப் போய்ப் புனித மாற்கு தேவாலய முகப்பில் ஏறின.

போப் இன்னசென்ட்டுக்கு வெற்றிச் செய்தி முதலில் மகிழ்ச்சியைத்தான் கொடுத்தது. இரு திருச்சபைகளும் ஒன்றாகிவிட்டன என்று நினைத்தார். நடந்ததெல்லாம் காதுக்கு வந்த பிறகு, கிரேக்கர்கள் இனி நம்மை நாயைவிடக் கேவலமாக வெறுப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது என்ற பொருளில் 1205-ல் தன் தூதருக்கு எழுதினார். அந்தத் தூதரோ ஜெருசலேமுக்குப் போகும் சபதத்திலிருந்து வீரர்களை ஏற்கெனவே விடுவித்துவிட்டிருந்தார்.

பிளாண்டர்ஸ் பிரபு பால்ட்வின் பேரரசரானார். ஓர் ஆண்டுகூட நிம்மதி இல்லை. 1205 ஏப்ரலில் பல்கேரியர்களிடம் பிடிபட்டார், திரும்பவேயில்லை. தாந்தோலோவும் அதே ஆண்டு இறந்து ஹகியா சோஃபியாவிலேயே அடக்கமானார். கடனில் பிறந்த இந்த அரசு கடனிலேயே காலம் தள்ளியது. கடைசிப் பேரரசர் இரண்டாம் பால்ட்வின் அரண்மனைக் கூரையின் ஈயத்தகட்டைப் பெயர்த்து விற்றார். கிறிஸ்துவின் முள்முடி என்று போற்றப்பட்ட திருப்பொருள் வெனிஸ் வணிகர் ஒருவரிடம் அடகு போனது. பிரான்ஸின் ஒன்பதாம் லூயி அதை மீட்டு, அதற்காகவே பாரிஸில் ஒரு தேவாலயம் கட்டினார். பெற்ற மகனையே வெனிஸ்காரர்களிடம் பிணையாக வைத்துப் பணம் வாங்கியவர் இரண்டாம் பால்ட்வின். 1261-ல் நைசியாவில் இயங்கிவந்த கிரேக்க அரசின் சிறு படை ஏறக்குறைய சண்டையே இல்லாமல் நகரத்தை மீட்டது.

மீட்டார்கள், ஆனால் பழைய பேரரசு திரும்பவில்லை. நிலம் துண்டு துண்டாகியிருந்தது, வணிகம் இத்தாலியர் கையில், கப்பற்படைக்குப் பணமில்லை. வெனிஸ் கிரீட் தீவை 1669 வரை வைத்திருந்தது. 

வெனிஸ் எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டதா என்ற சண்டை வரலாற்றாசிரியர்களிடம் இன்றும் ஓயவில்லை. எகிப்து சுல்தானோடு இரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டுதான் படையைத் திருப்பியது என்று 19-ம் நூற்றாண்டில் ஒரு வாதம் பிரபலமாக இருந்தது. ஆதாரமாகக் காட்டிய ஆவணங்கள் பின்னாள் தேதியுடையவை என்று தெரிந்ததும் அது ஆட்டம் கண்டது. எனக்குத் திட்டக் கதையில் நம்பிக்கையில்லை. ஓராண்டு வணிகத்தை நிறுத்திக் கப்பல் கட்டிய நகரம், ஆட்கள் வராமல்போவார்கள் என்று எப்படிக் கணக்குப் போட்டிருக்கும்? ஆனால் விபத்து என்று சொல்லித் தாந்தோலோவையும் போனிஃபேஸையும் விட்டுவிடவும் முடியாது. ஜாராவில் ஒதுங்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள், கோர்ஃபுவில் முரண்டு பிடித்தவர்கள் இருந்தார்கள். வேறு வழி இல்லாமல் இல்லை.

நம் பள்ளிப் பாடத்தில் திருப்புமுனை 1453. துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள், வழி அடைபட்டது, அதனால் வாஸ்கோ ட காமா கடல் வழி தேடிக் கோழிக்கோடு வந்தார் என்று படித்திருக்கிறோம். மிளகைப் பொறுத்தவரை இது அரை உண்மைகூட இல்லை. ஐரோப்பாவுக்கு வந்த மலபார் மிளகின் பெரும்பகுதி செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், அலெக்சாண்டிரியாவில் வெனிஸ்காரர்கள் வாங்கி ஐரோப்பாவுக்கு விற்றது. 1453-க்கு முன்பும் அப்படித்தான், பின்பும் அப்படித்தான். சுல்தான் மெஹ்மெட்டின் பீரங்கி இடித்த மதிலுக்குள் அன்று இருந்தவர்கள் ஏறக்குறைய 50,000 பேர், காவலுக்கு 7,000 பேர். பல இடங்களில் வீடுகளுக்கு நடுவே வயலும் தோட்டமும். மேற்கின் உதவி வேண்டுமானால் ரோமை ஏற்க வேண்டும் என்று 1439-ல் புளோரன்ஸில் கையெழுத்தான திருச்சபை இணைப்பை ஊர் மக்கள் ஏற்கவேயில்லை; ரோமின் குருவை விடத் துருக்கியரின் தலைப்பாகை மேல் என்று ஓர் உயர் அதிகாரி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, 1204-ல் நடந்ததைக் கேட்டு வளர்ந்த ஊரில் அதை நம்பப் பலர் இருந்தார்கள்.